பூரி வாசம்

அக்டோபர் 3

கான்டீனில் இந்த வருஷத்து டைரியைப் பாதி விலைக்குத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒன்று வாங்கினேன். முதல் ஒன்பது மாதப் பக்கங்கள் வெறுமையாகக் கிடக்கின்றன. அதுவும் நல்லதுதான், ஜனவரியைப் பற்றி எழுத வேண்டியதில்லை.

பெயர் பவுன்ராஜ். ஊர் சாத்தூர் பக்கம். பதவி நாயக். வேலை, ஆக்ராவில் ஒரு பாராசூட் பட்டாலியனின் சமையற்கூடம். முதல் பக்கத்தில் ரத்த வகை வரைக்கும் கேட்டிருக்கிறான், எழுதிவிட்டேன்.

மற்ற பட்டாலியனில் சமையல்காரன் சமையல்காரன்தான். இங்கே அப்படி இல்லை. சமைக்கிறவனும் குதிக்க வேண்டும், முடி வெட்டுகிறவனும் குதிக்க வேண்டும், துணி வெளுக்கிறவனும் குதிக்க வேண்டும். எல்லார் சட்டைக் கையிலும் குதிக்கிறவனுக்கான அதே சிறகுச் சின்னம்தான். ஊரில் யாரும் என்னைப் பெயர் சொல்லி விசாரிப்பதில்லை. "குடைக்காரர் லீவுல வந்திருக்காராமே" என்றுதான் கேட்பார்கள். மாமனார் என்னை வெளியாளுக்குக் காட்டும்போது கையை மேலே தூக்கி மெதுவாகக் கீழே இறக்கிக் காட்டுவார். நான் சமைப்பதை அவர் இன்றுவரை ஒருத்தரிடமும் சொன்னதில்லை.

இப்போது எங்கள் முறை. மூன்று பட்டாலியனில் ஒன்று எப்போதும் தயாராக இருக்க வேண்டும், உத்தரவு வந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் விமானத்தடியில் நிற்க வேண்டும். வேலியைத் தாண்ட முடியாது. பூட்ஸ் கட்டிலடியில், மூட்டை கட்டில்மேல். நான் மட்டும் கூடுதலாக ஒரு மூட்டை ஆட்டா மாவைப் பிரித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

பூரிக்குத்தான். தினமும் சப்பாத்திதான் போடுவோம். கிளம்பினால் மட்டும் பூரி, உருளைக்கிழங்கு, பச்சை மிளகாய். இரண்டு நாள் தாங்கும், சட்டைப் பையில் திணித்தாலும் ஒன்றும் ஆகாது. அதனால் சும்மா ஒரு நாள் பூரி சுடும் வழக்கம் இந்தப் பட்டாலியனில் கிடையாது. எழுதிவைத்த உத்தரவு இல்லை, ஆனால் எல்லாருக்கும் தெரியும்.

அக்டோபர் 5

முடி வெட்டிக்கொள்ள அனுமதி வாங்கி பஜாருக்குப் போய் வந்தேன். சுபேதார் பல்தேவ் சிங் வாசலில் பிடித்துக்கொண்டார். அவர் இந்தியில் கேட்டார், நான் என் பாஷையில் எழுதுகிறேன்.

"நம்மகிட்டயே எத்திராஜ் இருக்கான். உன் ஊர்க்காரன் வேற. நீ எதுக்குப் பஜார்ல போய்க் காசு குடுத்து வெட்டிக்கிற?"

"அவனுக்குக் கை நடுங்குது சாப்."

"காலைல எனக்குச் சவரம் பண்ணினான். நடுங்கலையே."

ஊர்க்காரன் என்று சுபேதார் சொல்வது இந்தக் கணக்கில்தான்: எத்திராஜ் குடியாத்தம், நான் சாத்தூர். இங்கே இருக்கிறவர்களுக்கு இரண்டும் ஒரே தெரு.

அக்டோபர் 9

இன்று குதிக்கிற பயிற்சி இருந்தது. காற்று பலம் என்று ரத்து செய்துவிட்டார்கள். எனக்கொன்றும் இல்லை, இருபது கிலோ முட்டைக்கோஸ் நறுக்க நேரம் கிடைத்தது.

சுபேதார் நினைவுபடுத்தினார். நான் கடைசியாகக் குதித்தது ஜனவரியில். நவம்பர் முடிவதற்குள் ஒன்று குதிக்காவிட்டால் சிறகைப் பிடுங்கி வேறு பட்டாலியனுக்கு அனுப்பிவிடுவார்கள். ஜனவரியில் இறங்கும்போது பின்பக்கம் கல் குத்திக் கன்றிப்போய், ஒரு வாரம் உட்கார முடியாமல் நின்றுகொண்டே சப்பாத்தி தேய்த்தேன் என்று அவருக்குச் சொன்னேன்.

"மல்புரா மைதானத்துலயா? அது உழுத மண்ணாச்சே. கல்லு எங்கேர்ந்து வந்தது?"

ஒரு கல் இருந்தது சாப், என்றேன்.

அக்டோபர் 10

பருப்பு தீய்ந்துவிட்டது. யாரும் குறை சொல்லவில்லை.

அக்டோபர் 14

மறுபடி பயிற்சி. காற்று இல்லை, வானம் துடைத்துவிட்டது மாதிரி இருந்தது. காலையில் கொதிக்கிற எண்ணெய் இடது கையில் தெறித்துவிட்டது. டாக்டர் கட்டுப் போட்டு, ஐந்து நாள் குதிக்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்தார். காயம் சின்னதுதான். கட்டுதான் பெரிது.

எத்திராஜ் குதித்துவிட்டு வந்து சாப்பாட்டு வரிசையில் தட்டை நீட்டினான். என் கையைப் பார்த்தான், என் முகத்தைப் பார்த்தான். "இன்னாண்ணே, ரொம்ப வலிக்குதா?" என்றான். ஜனவரிக்குப் பிறகு அவன் என்னிடம் வாய் திறந்து கேட்டது இதுதான். குழம்பை ஊற்றிவிட்டு அடுத்தவன் தட்டைப் பார்த்தேன்.

வீட்டுக்காரி ஞானமணியிடமிருந்து கடிதம். சின்னவள் பள்ளிக்கூடத்தில் அப்பா என்ன வேலை என்று கேட்டார்களாம், வானத்திலிருந்து குதிக்கிற வேலை என்றாளாம். டீச்சர் நம்பவில்லையாம். சிறகு தெரிகிற மாதிரி ஒரு போட்டோ அனுப்பச் சொல்கிறாள்.

அக்டோபர் 19

கையில் கட்டை அவிழ்த்துவிட்டார்கள். நாளை மறுநாள் பயிற்சி. என் பெயர் முதல் விமானத்தில் இருக்கிறது.

பிரித்து வைத்த மாவில் வண்டு விழுந்த மாதிரி இருக்கிறது. வீணாக்கக் கூடாது.

அக்டோபர் 20

இன்று நடந்ததை எழுதித்தான் ஆக வேண்டும்.

மத்தியானம் மூன்று மணிக்கு மாவு பிசைந்தேன். நாலு மணிக்குப் பெரிய வாணலியை ஏற்றினேன். எனக்கு உதவியாக இருக்கும் ராம்கேலாவன், "உத்தரவு வந்துடுச்சா உஸ்தாத்?" என்று கேட்டான். மாவில் வண்டு, தீர்த்துவிட வேண்டும், தேய் என்றேன். தேய்த்தான். அவன் கேட்டதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. புத்தி வேறெங்கோ இருந்தது.

குடும்பக் குடியிருப்பு சமையற்கூடத்துக்குக் கிழக்கே, மதிலுக்கு அந்தப்பக்கம். இந்த மாதங்களில் காற்று மேற்கிலிருந்துதான் வரும். எங்கே போகிறோம், எப்போது போகிறோம் என்று வீட்டில் சொல்லக் கூடாதென்பது சட்டம். யாரும் சொல்வதில்லை. சொல்ல அவசியமும் இல்லை. பூரி வாசம் வந்தால் பெண்கள் கதவைச் சாத்திவிட்டு வாசல் கேட்டுக்கு வந்துவிடுவார்கள். கிண்ணத்தில் தயிரும் சர்க்கரையும் கொண்டுவருவார்கள். கிளம்புகிறவனுக்கு ஒரு ஸ்பூன் ஊட்டி அனுப்புவது வடக்கத்தி வழக்கம். காவலாளி கண்டுகொள்ள மாட்டான்.

ஒரு சட்டி எடுப்பதற்குள் படுக்கை வரிசையில் பூட்ஸ் சத்தம் கேட்டது. யாரும் யாரையும் கூப்பிடவில்லை. ஊதல் இல்லை, மணி இல்லை. மூக்கே போதும் என்று கிளம்பிவிட்டார்கள். ஸ்டோரைத் திறந்து பாராசூட் பொதிகளை இறக்கி அடுக்கியும் விட்டார்கள். சுபேதார் முழு மூட்டையோடு சமையற்கூட வாசலில் வந்து நின்று, "எனக்கு ஏன் சொல்லலை?" என்று மேஜர் சாபைக் கேட்டார். மேஜர் சாப், "எனக்கே யாரும் சொல்லலையே" என்று டெலிபோனைப் பிடித்தார். மேலே கேட்டால், அங்கே ஒன்றும் இல்லை என்கிறார்கள்.

அதற்குள் கேட்டில் நாற்பது ஐம்பது பெண்கள். குழந்தைகள் வேறு. தயிர்க் கிண்ணங்கள்.

ஒன்றுமில்லை, சமையல்காரன் மாவைத் தீர்க்கப் பூரி சுட்டான் என்று காவலாளி சொன்னபோது சிலர் சிரித்தார்கள். ஒருத்தி என்னைப் பெயர் சொல்லித் திட்டினாள். நாயக் தில்பாக் சிங்கின் மனைவி பிரீதம் கௌர், ஏப்ரலில் வைசாகிக்கு முன்னால்தான் கல்யாணம் ஆகி வந்தவள், சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு சாக்கடைப் பாலத்தின் மேல் உட்கார்ந்துவிட்டாள். சமையற்கூடத்து ஜன்னலிலிருந்தே அவள் எனக்குத் தெரிந்தாள். எழுந்திருக்க வெகுநேரம் ஆயிற்று.

பார்க்காமல் இருந்திருக்கலாம். பார்த்துவிட்டேன்.

பாராசூட்டுகளைத் தரையில் இறக்கிவிட்டதால் ஒவ்வொன்றையும் மறுபடி சோதிக்க வேண்டுமாம். நாளைய பயிற்சி ரத்து.

அக்டோபர் 21

சுபேதார் காலையில் வந்து மீதி மாவைச் சலிக்கச் சொன்னார். சலித்தேன்.

"வண்டு எங்கே?"

"நேத்தே சலிச்சுட்டேன் சாப்."

அவர் சல்லடையைக் கையில் வாங்கித் தட்டினார். வெறும் மாவுதான் விழுந்தது. திருப்பிக் கொடுத்துவிட்டு, "நவம்பர் இருபத்தெட்டு கடைசிப் பயிற்சி. அதுக்கப்புறம் என்கிட்ட வந்து நிக்காதே" என்றார். தண்டனையாக ஒரு மாசம் பாத்திரம் விளக்கும் மேற்பார்வையும் என் தலையில். நியாயம்தான்.

சாயங்காலம் எத்திராஜ் சமையற்கூடத்துக்கே வந்தான். கத்தியைச் சாணை பிடிக்கிற சாக்கில்.

"அண்ணே, ஊருல இருக்கிற பொம்பளைங்கள எல்லாம் அழவெச்சித்தான் பயிற்சிய நிறுத்தணுமா? எங்கிட்ட சொல்லியிருந்தா காச்சல் வரவழைக்க வேற வழி சொல்லியிருப்பேனே."

"எலே, உன் வேலையப் பாத்துட்டுப் போ."

"என் வேலைதாம்பா பாக்கறேன். பத்து மாசமா ஒரு தலை எங்கிட்ட வரல."

போய்விட்டான். கத்தியைச் சாணை பிடிக்கவே இல்லை.

அக்டோபர் 25

போட்டோ எடுக்க ஸ்டூடியோக்காரன் வந்தான். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அனுப்பிவிட்டேன்.

அக்டோபர் 29

பதினோரு மணிக்கு உத்தரவு வந்தது. நிஜமான உத்தரவு. படுக்கை வரிசைக்குள் விசில் ஊதினார்கள்.

பூரி சுட்டேன். ஆளுக்கு எட்டு. ராம்கேலாவன் தேய்க்க, நான் எடுக்க, புகை மதிலைத் தாண்டிப் போவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். காற்று மேற்கிலிருந்துதான் வந்தது.

கேட்டில் ஒருத்தரும் இல்லை. பால்காரனின் சைக்கிள் மட்டும் நின்றது.

ஆட்கள் வரிசையாக லாரியில் ஏறினார்கள். ஏறும் ஒவ்வொருத்தனும் கேட்டுப் பக்கம் ஒரு பார்வை. தில்பாக் இரண்டு தரம் பார்த்தான். யாரும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. மறுபடியும் வண்டு விழுந்த மாவு என்று நினைத்து உள்ளேயே இருந்துவிட்டார்கள், வேறென்ன. ஓடிப்போய்ச் சொல்லிவிட்டு வரவும் முடியாது, வாணலியில் எண்ணெய்.

லாரி குடியிருப்பு மதிலோரம் திரும்பும்போது பிரீதம் கௌர் கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். லாரியைப் பார்த்தாள். வாயில் கிளிப் இருந்தது. அதைத் துப்பிவிட்டு ஏதோ கத்தினாள், எஞ்சின் சத்தத்தில் கேட்கவில்லை. தில்பாக் கையைத் தூக்கினான். பிறகு திருப்பம் வந்துவிட்டது.

தயிர் ஊட்டாமல் கிளம்பியது இந்தப் பட்டாலியனில் இதுதான் முதல் தடவை என்று சுபேதார் சொன்னார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, லாரியின் தரையைப் பார்த்துச் சொன்னார். என் மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது.

விமானத்தடியில் உட்கார்ந்து எழுதுகிறேன். இன்னும் ஏறச் சொல்லவில்லை.

அதே நாள், சாயங்காலம்

இன்னும் இறக்கையின் நிழலில்தான் இருக்கிறோம். நிழல் நகர நகர நாங்களும் நகர்கிறோம். எல்லாரும் பாதிப் பூரியைத் தின்றுவிட்டார்கள்.

எங்கே போகிறோம் என்று யாருக்கும் தெரியாது. புதிதாக வந்தவன் ஒருவன் சுபேதாரைக் கேட்டான், இப்படி எத்தனை தரம் வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று. அவர் பெல்ட்டைத் தளர்த்திக்கொண்டு சொல்ல ஆரம்பித்தார்.

போரில் அவர் கடைசியாகக் குதித்தது எழுபத்தொன்றில். ஒரு குளத்தில் போய் விழுந்தார். கரையில் மாடு குளிப்பாட்டிக்கொண்டிருந்தவர்கள் இழுத்துப் போட்டார்கள். அதற்குப் பிறகு ஒரு தரம் வெள்ளத்துக்குப் போனார்கள். கூரைமேல் நின்றவர்களுக்கு மூட்டை போட்டார்கள். ஒரு தரம் தேர்தலுக்கு. ஒரு தரம் ரயில் ஓடாதபோது ஸ்டேஷனைக் காவல் காக்க. ஒரு தரம் பனிச்சரிவில் புதைந்தவர்களைத் தோண்ட. ஒரு தரம் வேறு தேசம் என்று சொல்லி, கொசுவலை கொடுத்து, மாத்திரை கொடுத்து, விமானத்தில் ஏற்றி, எஞ்சினைக் கிளப்பி, அணைத்து, இறக்கி, கொசுவலையைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். எந்தத் தேசம் என்று இன்றுவரை சொல்லவில்லை. ஏறி இறங்கியது கணக்கில்லை.

"பட்டாலியன் வரலாறுன்னு ஆபீஸ்ல வருஷா வருஷம் எழுதுவாங்க. இதுக்கெல்லாம் ஒரே வரி. இந்த வருடம் பட்டாலியன் தயார் நிலையில் இருந்தது. அவ்வளவுதான்" என்றார். "அந்த ஒரு வரிக்குள்ள நான் பன்னிரண்டு வருஷமா இருக்கேன்."

எல்லாரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். அப்புறம் ஏறச் சொல்லிவிட்டார்கள்.

அக்டோபர் 31

இடத்தின் பெயரை எழுதக் கூடாது, எழுதவில்லை. கடல் இருக்கிறது, தென்னை இருக்கிறது. அதற்கு மேல் கேட்காதே.

நேற்று நடந்தது. குதித்துத்தான் இறங்க வேண்டியிருக்கும் என்று விமானத்தில் வைத்துச் சொன்னார்கள். எழுந்து நின்று, குடையை இழுத்துத் திறக்கிற பட்டையைத் தலைக்கு மேலிருக்கும் கம்பியில் மாட்டினோம். முன்னால் இருப்பவன் பொதியைப் பின்னால் இருப்பவன் சோதித்துத் தோளில் தட்ட வேண்டும். என் தோளில் தட்டியது எத்திராஜ். சமையலும் சவரமும் எப்போதும் வரிசையின் கடைசியில்தான், நான், எனக்குப் பின்னால் அவன்.

கதவைத் திறந்தார்கள். சிவப்பு விளக்கு எரிந்தது. கீழே கடல்.

ஜனவரியில் நடந்ததை எழுதிவிடுகிறேன், இங்கே இந்த டைரியைப் பார்க்க யாரும் இல்லை. பச்சை விளக்கு வந்தது, முன்னால் இருந்தவன் போய்விட்டான், நான் கதவில் நின்றுவிட்டேன். கால் வரவில்லை. கதவருகே நிற்கும் விமானப்படைக்காரர் தள்ளமாட்டார், மாட்டேன் என்றால் ஓரமாக உட்காரவைத்துக் கீழே கொண்டுபோய்ப் பெயரெழுதிக் கொடுத்துவிடுவார். அதோடு தீர்ந்தது. அப்போது பின்னாலிருந்து, பொதிக்குக் கீழே, ஒரு முட்டி வந்து இடித்தது. நான் வெளியே இருந்தேன். எனக்குப் பின்னால் இருந்தது எத்திராஜ்தான். அவன் யாரிடமும் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

நேற்று சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. பச்சை வரவில்லை. ஓடுதளம் நம் கையில்தான் இருக்கிறது, குதிக்க வேண்டாம் என்று செய்தி வந்ததாம். கதவைச் சாத்தினார்கள். விமானம் சக்கரத்தை வைத்து சாதாரணமாக இறங்கியது. ஏணி போட்டார்கள். படியில் இறங்கியதும் வாந்தி எடுத்தேன். பூரிக்கு எண்ணெய் சரியில்லை போலிருக்கிறது.

நவம்பர் 4

தீபாவளி. இங்கே வெடி வேண்டாம் என்று உத்தரவு, சரியான உத்தரவுதான்.

எத்திராஜ் விடிந்ததும் வந்து நின்றான், கையில் கடுகெண்ணெய் டப்பா. "நல்லெண்ணெய்க்கு எங்க போறது? வாண்ணே, ஒக்காரு. தீபாவளிக்குத் தல முழுகாம இருந்தா நம்ம ஊட்டுல சோறு போடுவாங்களா?"

இந்தக் கூட்டத்தில் எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற ஆள் நாங்கள் இரண்டு பேர்தான். வேண்டாமென்றால் அவனும் குளிக்காமல் இருப்பான். காலிப் பெட்டியின் மேல் உட்கார்ந்தேன். முதலில் முடியை வெட்டினான். பஜார்க்காரன் பிடரியில் குதறியிருப்பதைப் பார்த்து, "எலி கடிச்சிக்கீது" என்றான். பிறகு உச்சியில் எண்ணெய் வைத்து அடித்தான், கழுத்து, தோள், முதுகு. கை இடுப்புக்கு வந்ததும் நின்றது.

"அண்ணே, ஒண்ணு சொல்ட்டா?"

"சொல்லு."

"ஜனவரில நான் ஒன்ன இடிச்சிட்டேன்னு நீ நெனச்சிக்கினு இருக்கியா?"

நான் எண்ணெய் டப்பாவை எடுத்து மூடினேன்.

"என் பட்டை அன்னிக்கு சீட்டுக் கம்பில மாட்டிக்கிச்சி. விமானப்படைக்காரரு வந்து எடுத்துவுட்டாரு. நான் நாலடி பின்னாடி நின்னுக்கினு இருந்தேன். நிமிந்து பாத்தா நீ இல்ல. நீயாத்தாண்ணே போன."

"நெசமாவா?"

"தீபாவளியும் அதுவுமா பொய் சொல்லுவனா?"

கடல் தண்ணீரில் குளித்தோம். உப்பு. தலை சிக்குப் பிடித்துவிட்டது. அவன் பாட்டுக்கு நீந்திக்கொண்டிருந்தான். நான் கரையில் நின்று வெகுநேரம் அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 5

ஒன்றுமில்லை. சோறு, மீன்.

நவம்பர் 15

ஆக்ரா திரும்பிவிட்டோம். துப்பாக்கியில் போட்ட தோட்டாக்கள் அப்படியே திரும்பி வந்தன. எல்லாரும் முழுதாக வந்தோம். தில்பாக்குக்கு மட்டும் மஞ்சள் காமாலை, ஸ்ட்ரெச்சரில் இறக்கினோம்.

பெண்கள் கேட்டில் நின்றார்கள். முதலில் கண்ணில் பட்டது ஸ்ட்ரெச்சர்தான். பிரீதம் கௌர் ஓடி வந்தாள், போர்வையை விலக்கி முகத்தைப் பார்த்தாள், உயிர் இருப்பதைப் பார்த்தாள். அப்புறம்தான் அழுதாள்.

நவம்பர் 17

பிரீதம் கௌர் சமையற்கூடத்துக்கு வந்தாள். ஆஸ்பத்திரியில் தில்பாக்குக்கு எண்ணெய் இல்லாத சாப்பாடு வேண்டுமாம். கஞ்சி வைத்துக் கொடுத்தேன். தூக்கை வாங்கிக்கொண்டு போகாமல் நின்றாள். அவள் பாஷையில் வீர்ஜி என்றால் அண்ணன்.

"வீர்ஜி, அன்னிக்கு வாசம் வந்தது. எனக்குத் தெரிஞ்சது. பக்கத்து வீட்டு அக்காதான், மறுபடி மாவைத் தீர்க்கிறான், போகாதேன்னா. நான் போகலை." கோபமாகச் சொல்லவில்லை. "அடுத்த தடவை எனக்கு எப்படித் தெரியும்?"

"நானே குடியிருப்புக்கு வந்து வாயால சொல்றேன். நான் வந்து சொன்னா நம்புங்க, வாசத்தை நம்ப வேண்டாம்" என்றேன்.

"நீங்க இருப்பீங்களா? உங்க சிறகு போகப்போகுதுன்னு அவர் சொன்னாரே."

தில்பாக்குக்கும் தெரிந்திருக்கிறது. அப்படியானால் பட்டாலியன் முழுக்கத் தெரிந்திருக்கிறது. பத்து மாசமாக என் சமையலைச் சாப்பிட்டுக்கொண்டு எல்லாரும் வாயை மூடிக்கொண்டிருக்கிறார்கள். வெட்கமாக இருந்தது. கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது, அதையும் எழுதிவைக்கிறேன்.

"இருப்பேன்" என்றேன்.

நவம்பர் 23

பயிற்சிக்குப் பெயர் கொடுத்தேன். சுபேதார் நிமிர்ந்து பார்த்து, "கை, கால், வயிறு எல்லாம் சரியா இருக்கா?" என்றார். சரியாக இருக்கிறது என்றேன். வரிசையில் என்னைக் கடைசி ஆளாகப் போடச் சொன்னேன்.

"எத்திராஜுக்கும் பின்னாலயா?"

"ஆமா சாப்."

"பின்னால யாரும் வேண்டாமா உனக்கு?"

"வேண்டாம் சாப்."

எழுதிக்கொண்டார்.

நவம்பர் 28

காலையில் சப்பாத்தி, பருப்பு. எனக்கு இறங்கவில்லை, டீ மட்டும் குடித்தேன்.

விமானம் ஏறியது. எழுந்தோம், மாட்டினோம். எத்திராஜின் பொதியைச் சோதித்துத் தோளில் தட்டினேன். என் பொதியைச் சோதிக்க எனக்குப் பின்னால் ஆள் இல்லாததால் விமானப்படைக்காரர் வந்து பார்த்தார். பயமாக இருந்தது. பயம் என்று இந்த டைரியில் இதுவரை நான் எழுதவில்லை என்று நினைக்கிறேன். எழுதியாயிற்று.

பச்சை. ஒவ்வொருத்தனாகப் போனார்கள். எத்திராஜ் கதவுக்குப் போகும்போது திரும்பிப் பார்க்கவில்லை. அவன் போனதும் கதவு காலியாக இருந்தது. வெளியே மல்புரா மைதானம், பழுப்பாக, ஒரு பக்கம் கடுகு வயல். கால் நின்றது. நின்றதா இல்லையா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை, விமானப்படைக்காரர் முகத்தை மட்டும் பார்த்தேன், அவர் என் பக்கம் கையை நீட்ட ஆரம்பித்திருந்தார், ஓரமாக உட்காரவைக்க. அந்தக் கை என்னைத் தொடுவதற்குள் போய்விட்டேன்.

குடை விரிந்தது. அதற்குப் பிறகு சத்தமே இல்லை. கீழே ஒருவன் மாடு மேய்த்துக்கொண்டிருந்தான், என்னை அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. உழுத மண்ணில் இறங்கினேன். கல்லே கிடையாது.

குடையைச் சுருட்டிக்கொண்டிருக்கும்போது எத்திராஜ் ஓடி வந்தான். மூச்சு வாங்கியது. பல்லெல்லாம் தெரிந்தது.

"பாத்தியாண்ணே. அன்னிக்கும் இப்டித்தான் போன. நான்தான் சொன்னனே."

"ஆமாடா, சொன்ன."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மண் விழுந்துவிட்டது என்று சொன்னேன், அவனும் ஆமாம் இங்கே மண் ஜாஸ்தி என்றான்.

ஜனவரியில் ஒரு வாரம் உட்கார முடியாமல் நின்றுகொண்டே சப்பாத்தி தேய்த்தவன் நான். முட்டி அளவுக்கு வட்டமாகக் கன்றியிருந்தது. முதலில் நீலம், அப்புறம் மஞ்சள். அதைப் பற்றி அவனிடம் கேட்கவில்லை. இனிமேலும் கேட்கப்போவதில்லை.

நவம்பர் 30

ஸ்டூடியோக்காரனை வரச் சொல்லி போட்டோ எடுத்துக்கொண்டேன். சிறகு தெரிகிற மாதிரி பக்கவாட்டில். முடியை எத்திராஜ் வெட்டிவிட்டான்.

டிசம்பர் 9

இரண்டு மணிக்கு உத்தரவு. மாவை ராம்கேலாவனிடம் விட்டுவிட்டு, ஏப்ரனோடு குடியிருப்புக்கு ஓடினேன். ஒவ்வொரு கதவாகத் தட்டினேன். நிஜம், நிஜம், கிளம்புகிறோம் என்று சொல்லிக்கொண்டே போனேன். சட்டத்துக்கு விரோதம்தான். வழியில் சுபேதார் எதிரே வந்தார், என்னைப் பார்த்ததும் நின்று பூட்ஸ் கயிற்றைக் குனிந்து கட்ட ஆரம்பித்தார். நான் அவரைத் தாண்டும்வரை நிமிரவில்லை.

இப்போது பூரி எடுக்கிறேன், ஒரு கையில் சட்டுவம். ஜன்னலில் பார்த்தால் கேட்டு தெரியவில்லை, அவ்வளவு பேர். பிரீதம் கௌர் முன்னால் நிற்கிறாள். காமாலை குணமாகி வந்த தில்பாக்குக்கு ஊட்டிவிட்டாள். கிண்ணத்தில் மீதி வைத்துக்கொண்டு சமையற்கூடத்தைப் பார்த்துக் கையைக் காட்டிக் கூப்பிடுகிறாள்.

வாணலியை இறக்கிவிட்டுப் போக வேண்டும்.